ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

ஆர்த்திக்கு எட்டாம் மாதம். வயிற்றில் பிள்ளை, ரத்தத்தில் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் தொடையில் தானே இன்சுலின் போட்டுக்கொள்வாள். நன்றாகத்தான் அடங்கியிருந்தது. கொஞ்ச நாளாக ஏற ஆரம்பித்து, டாக்டர் மருந்தைக் கூட்டியும் இறங்கவில்லை. இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குப் பசியே எடுக்கவில்லை.

மாமியார் நாகம்மாளுக்கு வேறு கணக்கு.

"வளைகாப்புக்குப் பொங்குன சர்க்கரைப் பொங்கல் மிச்சம் எங்க போச்சு? ஊசியையும் போட்டுக்கிட்டு இனிப்பையும் தின்னா எப்படிம்மா?"

"நான் தொடவே இல்ல அத்தே."

"சரி, ரெண்டு கால் பூனை ஏதாச்சும் தின்னுருக்கும்."

புருஷன் ரஞ்சித் பக்கத்தில்தான் இருந்தான். வலை இழுத்து ஓய்ந்து வந்தவன், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவனும் கூடப் போனான். சீட்டைப் பார்த்த நர்ஸ் பூர்ணிமா, "மருந்தை எதுல வைக்கிறீங்க?" என்றாள்.

ரஞ்சித் முந்திக்கொண்டான். "பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுலதான் இருந்துச்சு சிஸ்டர். அது ரிப்பேராயிடுச்சு. அப்பறம் அம்மாவோட மீன் பெட்டியில ஐஸை உடைச்சுக் கொட்டி, உப்புத் தூவி, நடுவுல புதைச்சு வச்சிட்டேன். வஞ்சிரமே கெடாது, மருந்து கெட்டுடுமா?"

"உறையுதா தம்பி?"

"கல்லாட்டம். கையில வச்சு உருக்கித்தான் கொடுப்பேன்."

பூர்ணிமா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அது மீன் இல்ல தம்பி. உறைஞ்சா மருந்துக்கு வேலை போச்சு. இந்தப் பொண்ணு இத்தனை நாளா தண்ணியக் குத்திக்கிட்டிருக்கு."

ஆர்த்திக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அப்போ தப்பு என் உடம்புல இல்ல.

டாக்டர் புது பாட்டில் கொடுத்து, கூட்டிய அளவையும் குறைத்துவிட்டார். பூர்ணிமா சொன்னபடி வீட்டில் ஒரு பானையில் ஈர மணல் கொட்டி, நடுவே மூடி போட்ட டப்பாவில் மருந்தை வைத்தார்கள். மறுபடி ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பும் சீராகக் கேட்டது.

வீட்டு வாசலில் நாகம்மாள் மத்தி அலசிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"இறங்கிடுச்சு அத்தே. பிள்ளை நல்லாருக்காம்."

நாகம்மாள் தலை நிமிரவில்லை. இன்னும் ரெண்டு மீனை அலசினாள்.

"அந்தப் பூனை மேல வீணாப் பழி போட்டுட்டேன்" என்றாள். "கொழம்பு கொதிக்கிது. ஊசியப் போட்டுக்கிட்டு வா. உன் ஐஸ் பெட்டிக்காரன் அப்பறம் திங்கட்டும்."

ஆர்த்தி பானையைத் திறந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.