மூன்று கிண்ணங்கள்

வீப்கே கொட்டகை நிழலில் தேனீக்கள் குடியிருக்கும் கூடை ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். ரை தானிய வைக்கோலை விரல் பருமனுக்குத் திரட்டி, சுற்றின்மேல் சுற்றாக ஏற்றி, முள்கொடி நாரால் இறுக்கினாள். ஊரே தேவாலயத்தில் இருந்தது. தேனீக்கள் கூட்டம் பிரியும் காலத்தில் அவளுக்கு ஞாயிறு கிடையாது.

கொட்டகையை ஒட்டிய அவர்கள் வீட்டின் மூடிய சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவள் புருஷன் ஹார்ம் நின்றான். கோர்டெஸ் பண்ணையின் தேனீக்காரன் அவன். வசந்தத்தில் ஒரே ஒரு கொட்டு; தொண்டை வீங்கி மூச்சு நின்றுபோகப் பார்த்தது. இன்னொன்று கொட்டினால் ஆள் பிழைக்கமாட்டான் என்றுவிட்டார் வைத்தியர். வீடு வேலையோடு வந்தது; வேலை போனால் வீடும் போகும். அவன் இடத்துக்கு இன்று புது ஆள் வருகிறான்.

திடீரென்று கொட்டகையில் வரிசையாக இருந்த கூடைகளில் ஒன்றின் வாயிலிருந்து தேனீக்கள் பொங்கி வழிந்தன. வீப்கே ஓடிப்போய் நீண்ட வலைப்பையை வாயில் மாட்டிக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் வரிசையின் கோடியில் இன்னொரு கூட்டம் கிளம்பியது.

"வீப்கே! ரெண்டும் கலந்துச்சுன்னா ராணிங்க அடிச்சுக்கிட்டு செத்துரும்!" ஹார்ம் சன்னலைத் திறந்தே கத்தினான்.

"எனக்குத் தெரியும்! மொதல்ல சன்னல மூடு. உன்னை வேற பொதைக்க எனக்கு நேரமில்ல!"

சன்னல் மூடிக்கொண்டது. இரண்டாவதையும் பையில் பிடித்தாள். மூன்றாவதாகக் கிளம்பிய கூட்டம் தப்பி, பேரி மர உச்சியில் கரும் குலையாகத் தொங்கியது. ஏணியைச் சாய்த்தாள், அது ஆடியது. யாரோ வந்து கீழே அழுத்திப் பிடித்தார்கள். மூட்டையை முதுகில் சுமந்த நடுத்தர வயது ஆள்.

"ஏறும்மா. நான் புடிச்சுக்கறேன்."

"நீங்க?"

"லூடெர். இங்க வேலைக்கு வந்தவன்."

ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். காலிக் கூடையைக் குலைக்குக் கீழே ஏந்தி, கிளையை ஒரே உலுக்கு உலுக்கினாள். கண்ணிமையில் இரண்டு கொட்டு. கூடை கனத்தது.

தேவாலயத்திலிருந்து பண்ணைக்காரர் கோர்டெஸ் திரும்பும்போது லூடெர் மூட்டையை மறுபடி தோளில் போட்டிருந்தான்.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"உங்ககிட்டதான் ஆளிருக்கே. இந்தம்மா குடியிருக்கற வீட்டைப் புடுங்கிட்டு நான் வந்து ஒக்காரணுமா? எனக்கு வேற பண்ணை கெடைக்கும்."

கோர்டெஸ் வலைப்பைகளையும் அவளுடைய வீங்கிய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"பொம்பளைய தேனீக்காரன்னு சொன்னா ஊரு சிரிக்கும். பேரு ஹார்ம் பேராவே இருக்கட்டும். கூலி பால் கறக்கறவளுக்குக் குடுக்கறதுதான்."

"வீடு?" என்றாள் வீப்கே.

"இருந்துக்குங்க."

கண்ணாடிக்குப் பின்னால் ஹார்ம் அழுதுகொண்டே சிரித்தான். அவள் அவனைப் பார்த்துக் கையசைத்தாள். அதற்குள் பேரி மரத்தில் மறுபடி இரைச்சல். இன்னொரு கூட்டம் போய் உட்கார்ந்திருந்தது. புகைச்சட்டியோடு ஏணியில் ஏறினாள்.

கோர்டெஸுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. உள்ளே போய்ச் சாராயமும் கிண்ணங்களும் எடுத்துவந்தார். ஒன்றை லூடெரிடம் கொடுத்தார், ஒன்றைக் கதவிடுக்கு வழியாக ஹார்மிடம் நீட்டினார், மூன்றாவதைத் தான் எடுத்துக்கொண்டார்.

"நல்ல வருஷமா அமையட்டும்!"

"யாராவது இன்னொரு கூடை எடுத்துக் குடுங்களேன்!" என்று மரத்திலிருந்து குரல் வந்தது.