கடைசிவரை இழுக்காத பெல்ட்

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவிக் காயவைத்து மெருகேற்றிப் புதுப்பெண் மாதிரி நிறுத்திவிடலாம். இருக்கை உறையை மாற்றலாம், தரைவிரிப்பைத் துவைத்துப் போடலாம். ஆனால் சீட் பெல்ட்டை மட்டும் யாரும் முழுசாகக் கழுவுவதில்லை. அதன் பாதி, கதவோரத் தூணுக்குள் ஓர் உருளையில் சுருண்டு கிடக்கிறது. வெள்ளம் ஏறும்போது வண்டல் அந்தச் சுருளுக்குள் புகுந்து தங்கிவிடும். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், யார் இடுப்புக்கும் தேவைப்படாத அந்த முனையில் தேநீர்க் கறை போல ஒரு கோடு தெரியும்.

பிரயூனுக்கு இது தெரியும். மலையடிவார ஊரான லோம்சாக்கில் வீடு வீடாகப் போய் ஏசி பழுது பார்ப்பவர் அவர். தண்ணீரும் செம்புக் கம்பியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தெரிந்திருந்தும் அவர் இழுக்கவில்லை.

கார் வேண்டும் என்ற பேச்சு மகள் நிம்மால்தான் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பிட்சனுலோக்கில் நர்சிங் கல்லூரி நேர்காணலுக்கு அவள் பெயர் வந்திருந்தது. காலையில் பெயர் கூப்பிடும்போது அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். முதல் பஸ்ஸில் போனால்கூட நேரத்துக்குச் சேர முடியாது. வீட்டில் இருந்ததோ ஏசி கேஸ் சிலிண்டர் ஏற்றிப் போகப் பக்கத்தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள்.

"கேஸ் சிலிண்டர் பக்கத்துல உக்காந்து மலை ஏறிப் போயி, நான்தான் நர்சுன்னு இறங்கவாப்பா?" என்றாள் நிம். "என்னையே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போவாங்க."

எப்படியும் அவள் படிக்கும் நாலு வருடமும் போக வர வண்டி வேண்டும். பிரயூன் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நக்கோன் சவானில் ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளி நிறச் சின்னக் கார். 'வீட்டு வண்டி. ஒரே கை. ரிட்டயர்டு டீச்சர் ஓட்டியது, சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும்.' பின்கண்ணாடியில் 'இந்தக் கார் பச்சை நிறம்' என்று ஒரு ஸ்டிக்கர். டீச்சர் பிறந்த கிழமைக்கு வெள்ளி நிறம் ஆகாது போல; அப்படியானால் ஆகிவரும் நிறத்தை எழுதி ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம். இப்படி விதியை ஏமாற்ற ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் மனிதரை ஏமாற்ற மாட்டார் என்று பிரயூனுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவர் பிறகு பலமுறை யோசித்திருக்கிறார்.

நவம்பரில் போய்ப் பார்த்தார். சுமாலி டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார், பக்கத்தில் விளம்பரம் போட்ட மகன். கதவைத் திறந்ததும் பாண்டான் இலை மணம் குப்பென்று வந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு கட்டு இலை வைத்திருந்தார்கள். கார் வாசத்துக்கு எல்லோரும் வைப்பதுதான். இது கொஞ்சம் அதிகமான கட்டு.

"நல்லாப் பாத்துக்குங்க தம்பி," என்றார் டீச்சர். "அவசரமே இல்ல. எல்லாத்தையும் பாத்துக்குங்க."

பிரயூன் பின் இருக்கையில் குனிந்து பெல்ட்டைப் பிடித்தார். ஒரு முழம் இழுத்திருப்பார். அந்த நேரம் டீச்சர் முன் கண்ணாடியில் தொங்கிய பூமாலையை நோக்கிக் கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டார். வண்டிக்குக் காவல் இருக்கும் தாய்த் தெய்வத்திடம் விடைபெறுகிறார் என்று பிரயூன் நினைத்தார். ஒரு பெரியவர், அதுவும் டீச்சர், கும்பிட்டு நிற்கும்போது, அவர் பேச்சில் நம்பிக்கை இல்லாதவர் போல வண்டிக்குள் குடைந்துகொண்டிருப்பதா? முகதாட்சண்யம் கையைப் பிடித்தது. பெல்ட்டை விட்டார். அது சர்ரென்று உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. அவரும் கைகூப்பினார்.

"வேற எதாவது பாக்கணுமா தம்பி?"

"பரவாயில்ல டீச்சர். நீங்க சொன்னாப் போதாதா?"

டிசம்பர் முழுக்கக் கார் சொன்னபடி கேட்டது. அதுதான் இந்த நோயின் தந்திரம். செம்புக் கம்பிக்குள் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறும். மேலே ரப்பர் உறை இருப்பதால் சீக்கிரம் காயாது. கம்பிகள் கூடும் இடத்தில் பச்சைக் களிம்பு மெல்லப் பூக்கும். உலர்ந்த நாளில் மின்சாரம் எப்படியோ அதைத் தாண்டிப் போய்விடும். காற்றில் ஈரம் ஏறினால், ஒரு கம்பியில் போக வேண்டியது பக்கத்துக் கம்பிக்குக் கசியும். எஞ்சினுக்கு உத்தரவு போடும் பெட்டி குழம்பிப்போகும்.

நேர்காணல் அன்று விடியும்போது மலைப்பாதை முழுக்கப் பனி. ஏற்றத்தின் நடுவில் காரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன, பிறகு ஒன்றாக அணைந்தன. கார் மெல்ல ஓரமாக உருண்டுபோய் நின்றது.

பிரயூன் முன்னிருக்கைக்கு அடியில் கைவிட்டு இணைப்பைக் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் பச்சை. அப்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிம்முக்குத் தெரியாமல் பின் இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். கோடு இருந்தது.

முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு பிக்கப் பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் தலையை நீட்டினார். "என்னண்ணே, படுத்துக்கிச்சா? நான் பிட்சனுலோக் மார்க்கெட்டுக்குத்தான் போறேன். ரெண்டு பேரும் ஏறிக்குங்க. பாப்பா கோஸ் மேல உக்காரலாம், குஷன் மாதிரி இருக்கும்."

நிம் சிரித்தபடி சான்றிதழ் ஃபைலை எடுத்தாள். முன் இருக்கையில் அந்த மனிதரின் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அவர்களுக்கு ஏன் இடைஞ்சல் என்று பிரயூன் நினைத்தார். தன் தொழிலே இதுதானே என்றும் நினைத்தார்.

"பரவாயில்ல தம்பி, நீங்க கெளம்புங்க. கொஞ்ச நேரத்துல சரி பண்ணிடுவேன்."

"அப்பா…"

"இதோ ஆச்சும்மா."

பிக்கப் பனிக்குள் போய் மறைந்தது. அவர் களிம்பைச் சுரண்டினார், கார் உறுமியது, கொஞ்ச தூரம் போனது, மறுபடி நின்றது. மறுபடி சுரண்டினார். பிறகு வந்த லாரிகள் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் பஸ் வந்தது, எந்தப் பஸ்ஸை நம்ப முடியாதென்று கார் வாங்கினாரோ அதே பஸ். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெளியே வந்த பெண்கள் மர நிழலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த அம்மாள் கனிவாகத்தான் பேசினார். "பேரு ரெண்டு தரம் கூப்பிட்டோம்மா. அடுத்த வருஷம் போடு."

திரும்பும் வழியில் நிம் ஒரே ஒரு முறை பேசினாள். "அந்தக் கோஸ்காரரு நமக்காக நின்னாருப்பா. அவர என்னத்துக்கு அனுப்பினீங்க?"

ஒரு வாரம் கழித்துப் பிரயூன் நக்கோன் சவானுக்குப் போனார். சண்டை போட அல்ல. ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டீச்சர் அவரைப் பார்த்ததும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காருக்கு என்ன என்று கேட்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்தானே டீச்சர்?"

"அக்டோபர்ல இருக்கை வரைக்கும் தண்ணி தம்பி. பையன்தான் விளம்பரம் போட்டான். வெள்ளம்னு போட்டா யாரு வாங்குவான்னு கேட்டான்." அவர் தரையைப் பார்த்தார். "நீங்க பெல்ட்டைப் பிடிச்சீங்க பாருங்க, அப்பத்தான், கடைசிவரைக்கும் இழுத்துட மாட்டீங்களான்னு வேண்டிக்கிட்டேன்."

"அன்னிக்கு நீங்க கும்பிட்டது…"

"அதுக்குத்தான். பையன் பக்கத்துல நிக்கறான், நான் எப்படி வாயத் தொறப்பேன்? நீங்களாக் கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க கேக்கவேயில்லயே."

அவர் இழுக்க வேண்டுமென்று டீச்சர் கும்பிட்டிருக்கிறார். டீச்சர் கும்பிட்டதால் அவர் இழுக்கவில்லை. பிரயூன் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"காரைக் கொண்டாந்து விடுங்க தம்பி. பணத்துக்குப் பையன்கிட்ட நான் பேசறேன்."

உள்ளே மகன் நடமாடும் சத்தம் கேட்டது. டீச்சரின் குரல் சட்டென்று தாழ்ந்தது. அதைக் கவனித்ததும் பிரயூன் வாயில் அதே சொல் வந்து நின்றது, வெளியேயும் வந்துவிட்டது. "பரவாயில்ல டீச்சர்."

வீட்டுக்கு வந்து மனைவி லம்துவனிடம் சொன்னார். "நல்லாருக்கு," என்றாள் அவள். "ஊர்ல எல்லாரு மனசும் நோகாமப் பாத்துக்குங்க. இந்த வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்கா, அவ மனச யாரு பாக்கறது?"

நிம் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மழைக்கு முன் காரை விற்றுவிடலாம் என்று முடிவானது. விளம்பரத்துக்குப் படம் எடுக்க அவள்தான் அப்பாவின் போனைக் கையில் வாங்கினாள். வெளிச்சம் எங்கே நன்றாக விழுகிறதென்று பார்த்துக் காரைச் சுற்றி வந்தாள்.

"முதல் படம் எதப்பா? முன்பக்கமா?"

பிரயூன் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். உருளை திணறியது. கடைசிவரை இழுத்து, கறை வெயிலில் படும்படி, அது உள்ளே ஓடிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நிம் போனை உயர்த்தினாள். கொஞ்ச நேரம் எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப் போன அன்னிக்கு இழுத்துப் பாத்திருந்தா இவ்வளவு நேரம்கூட ஆயிருக்காதுல்லப்பா," என்றாள்.

"ஆயிருக்காதும்மா."

அவள் படம் எடுத்தாள்.