தன் அடக்கப் பாட்டைத் தானே பழக்கியவள்

மழை ஓய்ந்து, முகில்கள் மேற்கே ஒதுங்கி, சாய்ந்த கதிரொளி ஈரக் கூரைகளின்மேல் மஞ்சள் பூசிய அந்திப்பொழுது அது. ஆற்றை ஒட்டி நீண்டு கிடந்த அந்நகரின் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து ஊர்ந்தன. ஆலைகளின் புகைபோக்கிகள் ஓய்வுநாளாகையால் வாயடைத்து நின்றன. ஆலய மணிக்கூண்டில் ஒண்டியிருந்த புறாக்கள் சிறகுலர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. ஆலயத்தின் பின்புறம், இரும்புக்கடைகள் வரிசையிட்ட குறுந்தெரு ஒன்றுண்டு. அறிவார்ந்த நண்பரே, பிற கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்க, அங்கே ஒரு கடையினின்று மட்டும் அரம் தேய்க்கும் ஓசை எழுந்துகொண்டிருந்தது. பூட்டுக்காரர் என்று ஊரார் அழைக்கும் அம்மனிதர், எவரும் கேளாத ஒரு திறவுகோலை, உள்ளத்து வெம்மையையெல்லாம் கையில் இறக்கி அராவிக்கொண்டிருந்தார். மாடியில் தொடங்கவிருந்த பாட்டு தம் செவியில் விழக்கூடாது என்பதற்காகவே அத்தனை பாடும்.

கடைக்கு மேலே இரண்டே அறைகள். சன்னலோரக் கட்டிலில் தலையணைகள் முட்டுக்கொடுக்கச் சாய்ந்திருந்தாள் அவர் மனைவி. ஊரில் அவளுக்குப் பாட்டக்கா என்று பெயர். ஆலயப் பாடற்குழுவில் பெண்களின் தாழ்குரலைத் தூக்கி நிறுத்தியவள் அவள். ஆண்களின் அடிக்குரலுக்கு அவள் கணவர். திருமணங்களுக்கு அவள் போகாமல் இருந்ததுண்டு; நல்லடக்கம் எதற்கும் தவறியதில்லை. செல்வர் வீட்டுச் சாவானாலும், தூக்குவதற்கு ஆளில்லாத ஏழையின் சாவானாலும், கல்லறைக் குழியின் ஓரத்தில் நின்று, உயிர்த்தெழும் நாளைப் பாடுகின்ற அந்தப் பழம்பாட்டைத் தளராமல் பாடிவிட்டே வீடு திரும்புவாள். இப்போது அவள் வயிற்றில் வேரோடிய நோய்க்கு மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர்.

அவள் அழவில்லை, ஆனால் விந்தையான விருப்பம் ஒன்றைச் சொன்னாள். பாடற்குழுவினர் வீட்டிற்கு வரவேண்டும். தன் அடக்கத்தன்று பாடவேண்டிய பாட்டைத் தன் முன்னால் பழகவேண்டும். அதற்கு அவள் சொன்ன நியாயம் சிரிப்பூட்டக்கூடியது. வேண்டியவர்களின் அடக்கத்தில் குழுவினர் அழுதுகொண்டே பாடுகிறார்கள். கடைசிக் கண்ணி வரும்போது பாட்டு இழுபட்டுச் சரிந்து, எழுந்திருப்பதைப் பற்றிய பாட்டு எழுந்திருக்க மாட்டாமல் படுத்துவிடுகிறது. தன் நாளில் அந்த மானக்கேடு நேரக்கூடாது என்றாள்.

கணவரோ கொதித்துப்போனார். உண்ணாமல் நோன்பிருந்து, முழங்கால் தேய இறைவனை மன்றாடிக்கொண்டிருந்தவர் அவர். அவள் பிழைப்பாள் என்பதே அவர் நம்பிக்கை. அதற்கு மாறாக ஒரு சொல் எழுந்தாலும் இறைவன் செவியில் அது விழுந்து, வேண்டுதல் வலுவிழந்துவிடும் என்று அஞ்சினார். ஆகையால் அவ்வீட்டில் சாவு என்னும் சொல்லே விலக்கப்பட்டிருந்தது. தாயைப் பேண வந்திருந்த மகள்கூடத் தந்தையின் முன்னால் அடுத்த ஆண்டைப் பற்றியே பேசப் பழகியிருந்தாள். உயிரோடிருப்பவளுக்கு அடக்கப் பாட்டா என்று சீறிவிட்டுத்தான் அன்று அவர் படியிறங்கினார்.

குழுவினர் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, குற்றம் செய்தவர்களைப் போல மாடியேறினர். மருந்துக்கடை நடத்தும் குழுத்தலைவர் இசைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எவர் முகத்தையும் பாராமல் தொடங்கினார். முதற் கண்ணியிலேயே பாட்டக்கா கையுயர்த்தி நிறுத்தினாள். இது பாட்டா, மருந்துக்கடையில் கடன் கேட்கிறீர்களா என்று அவள் வினவ, அதுவரை இறுகிய முகத்தோடு நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தனர். சிரிப்பு ஓய்ந்தபின் பாட்டு நிமிர்ந்தது. ஆயினும் அடிக்குரல் இல்லாத பாட்டு, கால் ஒன்று குட்டையான நாற்காலியாய் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசிக் கண்ணியில் ஒருத்தி விம்ம, அதைக் கேட்டு மற்றொருத்தி விம்ம, பாட்டு பாதியில் நின்றுபோயிற்று.

கீழே அரத்தின் ஓசையும் நின்றது. படிகள் அதிர ஏறிவந்த பூட்டுக்காரர், அனைவரையும் போகச் சொல்லும் எண்ணத்தோடு வாயிலில் நின்றார். கையில் இன்னும் அரம் இருந்தது.

பாட்டக்கா அவரையே நோக்கினாள். "என்னங்க, நான் பொழைக்கணும்னு ஜெபம் பண்றதை நிறுத்தச் சொல்லலை. ஆண்டவர் சரின்னா எந்திரிச்சு வந்து உங்களுக்குச் சோறு போடறேன். ஆனா அவர் வான்னு கூப்பிட்டுட்டா, நம்ம ஜெபம் தோத்துப்போச்சுன்னு நீங்க நினைச்சுடக் கூடாது."

"அந்தப் பேச்சே வேண்டாம்னு சொன்னேனே."

"நீங்க வேண்டாம்னதாலதான் யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு பயமா இருக்குங்க. எங்க போறேன்னு தெரியும், யார்கிட்ட போறேன்னும் தெரியும். இருந்தும் விளக்கை அணைச்சதும் பயமா இருக்கு. பக்கத்துலயே நீங்க படுத்திருக்கீங்க, ஆனா எழுப்பிச் சொல்ல முடியலை."

பூட்டுக்காரரின் முகம் வெளிறியது. தாம் கட்டிக் காத்த நம்பிக்கை, அவளைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

"உன்னை அனுப்பி வைக்கிற பாட்டை என் வாயால எப்படிப் பாடறது?" என்றார்.

"ஊர்ல எல்லார் அடக்கத்துக்கும் பாடிட்டேன். என்னோடதுக்கு மட்டும் நான் பாட வேண்டாமா? அன்னைக்கு என்னால முடியாது. இன்னைக்கு முடியும். நீங்க கூடப் பாடுங்க."

அவர் அரத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, ஆண்கள் வரிசையில் போய் நின்றார். பாட்டு மீண்டும் தொடங்கியது. அடிக்குரல் வந்து சேர்ந்ததும் அந்தச் சிற்றறைக்கே ஒரு தளம் போட்டதுபோல் ஆயிற்று. கடைசிக் கண்ணியில் அவர் குரல் தடுமாறியபோது, எலும்பும் தோலுமாய் இருந்தவளின் குரல் மெலிதாக, ஆனால் வழுவாமல், அவருக்காகக் காத்திருந்து அவரைச் சேர்த்துக்கொண்டது. எல்லாருடைய கண்ணிலும் நீர் வழிந்தது, பாட்டோ சரியவில்லை.

குழுவினர் போனபின் அவர் கட்டிலருகே அமர்ந்து, இரும்புத்தூள் படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பற்றினார்.

"இனிமே பயம் வந்தா என்னை எழுப்பு," என்றார்.

அதன்பின் அவள் பலமுறை எழுப்பினாள். சில வேளை இருவரும் தாழ்ந்த குரலில் பாடினர். சில வேளை, வீட்டில் யார் கண்ணுக்கும் படாமல் அவள் எதையெதை எங்கெங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பேசிச் சிரித்தனர். சில வேளை அழுதனர். அவள் பிழைக்கவேண்டும் என்றும் அவர் மன்றாடினார். அவளை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே என்றும் மன்றாடினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது முதலில் கடினமாயிருந்தது, பிறகு பழகிவிட்டது. புறாக்கள் விழிக்கும் ஒரு விடியலில், அவள் எழுப்பாமலே அவர் விழித்துக்கொண்டு, அவள் மூச்சு மாறியிருப்பதை உணர்ந்து, பாடத் தொடங்கினார். அவள் உதடுகள் சற்றுத் தூரம் உடன் அசைந்து வந்தன.

நம்பிக்கையுடையோர் சாவுக்கு அஞ்சமாட்டார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம், நண்பரே. அவள் அஞ்சினாள். அஞ்சியதை மறைக்காமல் சொல்லி, பற்றிக்கொள்ள ஒரு கையைக் கேட்டு வாங்கி, தன்னை அழைத்தவரிடம் நடந்து போனாள். உதடுகள் ஓய்ந்த பின்னும் அவர் பாட்டை நிறுத்தவில்லை. கடைசிக் கண்ணி வரை, அவள் குரல் சேரவேண்டிய இடங்களில் அவளுக்காகச் சற்று நிறுத்தி, மெல்லப் பாடி முடித்தபின்னரே மகளை அழைத்தார்.