முதல் விசிலுக்கு அப்புறம்

புகழேந்தி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் அடித்தார். அடித்த வேகத்தில் ஒரு பக்கத்துப் பஞ்சு கழன்று கீழே விழுந்தது. "நாசமாப் போறவனே!" என்றார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, வேங்கிக்கால் வீட்டின் மாடியறை. லேப்டாப்பில் சொருகிய பென் டிரைவிலிருந்து மஸ்தான் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் பழைய கேசட்டில் இருந்த ஃபேன் சத்தம் இதில் இல்லை. தெருக்குழாய்ச் சண்டை இல்லை. குக்கர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மஸ்தான் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுக்கிற சத்தம் இல்லை. குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்காரவைத்த மாதிரி ஒரு சாக்ஸபோன், கல்யாண மண்டபத்து எதிரொலியோடு வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது.

கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற புகழேந்திக்குப் பிடிக்காத விஷயங்கள் ஏராளம். எதிரொலி பிடிக்காது. 'மன அமைதிக்கு சாக்ஸபோன்' என்று பத்து மணி நேரத்துக்கு ஓடுகிற வீடியோக்கள் பிடிக்காது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி விலை ஏறி, தண்ணீராகவும் மாறிவிடுகிற கிரிவலப் பாதை டீ பிடிக்காது. சாக்ஸபோன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் "கத்ரி கோபால்நாத்தா சார்?" என்று கேட்கிறவர்களைப் பிடிக்காது. கோபால்நாத் மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது, கேட்கிறவர்கள் மேல்தான். அவரைப் பொறுத்தவரை அமெரிக்க ஜாஸ்காரர்களில் லெஸ்டர் யங் ஒருவர்தான் வாத்தியத்தில் பேசத் தெரிந்த மனுஷர். கோல்ட்ரேனைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனால் சாப்பிட்ட கையோடு கேட்கக்கூடாது. பென் வெப்ஸ்டர் ஒரு சுரத்தை முடித்த பிறகு வெறும் காற்று மட்டும் வரும், அந்தக் காற்றுக்குச் சொத்தையே எழுதிவைக்கலாம். ஸ்டூடியோவில் பதிவு செய்ததெல்லாம் ஆஸ்பத்திரி. எவனாவது இருமி, எவளாவது சிரித்து, எங்கேயோ கிளாஸ் உடைகிற பதிவுதான் மனிதர்கள் வாழ்கிற வீடு. திருவண்ணாமலையில் இத்தனையையும் உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் மஸ்தான்.

மஸ்தானுக்குத் தொழில் மெத்தை தைப்பது. தேரடி வீதிக்குப் பின்னால் சின்னக் கடை. முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டோடு போய் சாக்ஸ் வாசிப்பார். ஒரு மாப்பிள்ளை அழைப்பில், சினிமாப் பாட்டுக்கு நடுவே அவர் மெட்டை விட்டுத் தானாக எங்கேயோ கிளம்பிப்போய், சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பாட்டுக்குத் திரும்பி வந்ததை ரோட்டோரம் நின்று கேட்ட புகழேந்தி, வாங்க வந்த காய்கறியை மறந்து மண்டபம் வரைக்கும் பின்னாலேயே போய்விட்டார். அப்படிப் பிடித்த சிநேகம். கோல்ட்ரேனை முதல் தடவை கேட்டுவிட்டு மஸ்தான், "நல்லாதான் ஊதறாரு சார். ஆனா கல்யாணத்துக்குக் கூப்ட்டா பொண்ணு ஊட்டுக்காரங்க அடிச்சுத் தொரத்துவாங்க," என்றார். புகழேந்தி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த மஸ்தான் போன மாதம் இறந்துபோனார். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. வாத்தியத்தை எப்போதோ விற்றுவிட்டிருந்தார். உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கேசட். ரெண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், டவுனில் தான் அப்போது குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில், புகழேந்தி தன் டேப் ரெக்கார்டரில் பிடித்த இருபத்திரண்டு நிமிஷம். ஆம்பூரில் டீச்சராக இருக்கும் மஸ்தானின் மகள் பிர்தௌஸ் போன் பண்ணி, "அத்தா வாசிச்சது எங்க யார்கிட்டயும் இல்ல அங்கிள். வீட்ல வாசிக்கவே மாட்டாரு," என்று அழுதாள். இன்றைக்கு நாலு மணிக்கு வாங்கிக்கொள்ள வருகிறாள். அவளுக்காகத்தான் புகழேந்தி அந்தக் கேசட்டை, கல்யாண வீடியோ போடுகிற அறிவுமதியின் கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றச் சொன்னார்.

போனை எடுத்தார்.

"ஏம்ப்பா அறிவுமதி, நான் உங்கிட்ட என்ன சொன்னேன்? இருக்கறத இருக்கற மாரியே ஏத்துனுதானே சொன்னேன்?"

"ஆமா சார். மறுநாளு உங்க வீட்டம்மா வந்தாங்களே. அந்தச் சமையல்கட்டு சத்தத்த எடுத்துடச் சொன்னாங்க. அத எடுக்கறப்போ கூடவே எல்லாம் கிளீனாயிடுச்சு. சூப்பரா இருக்குல்ல சார்?"

"எழவு மாரி இருக்குது!" என்று போனை வைத்தார்.

மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார். கூடத்தில் கன்னியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுடி என் கேசட்டுல கைய வெச்ச?"

அவள் நிமிரவில்லை. "யாரயும் கேக்கல. அதுல இருக்கறது என் கொரலு."

புகழேந்தி கத்தினார். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அவர் அவளிடம் ஜாஸைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் கத்தினார். சத்தம்தான் உயிர் என்றார். கழுவித் துடைத்து வைப்பதற்கு அது என்ன எவர்சில்வர் தட்டா என்றார். பதினோராவது நிமிஷத்தில் குக்கர் முதல் விசில் அடிக்கும், அப்புறம் உன் குரல் ஒரு வரி, அப்புறம் நாலு விநாடி ஒன்றுமே இருக்காது, அதற்கப்புறம் மஸ்தான் அடி வயிற்றிலிருந்து ஒன்றை எடுப்பாரே, அதுதான்டி அந்தக் கேசட்டே, அதைப் போய் அழித்தாயே என்றார். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. கேட்கட்டும் என்று இன்னும் கத்தினார்.

கன்னியம்மாள் அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் முறத்தைத் தள்ளிவைத்தாள்.

"அந்தப் பொண்ணு அப்பன் வாசிச்சதக் கேக்கணும்னு ஆம்பூர்லருந்து வருது. நடுவுல நான், 'ஓசிச் சோத்துக்கு வந்து ஊதிக்கினு கெடக்குது பாரு'னு சொல்லுவேன். அத அது கேக்கணுமா?"

"அது எப்பவோ சொன்னது."

"அன்னிக்கி வீட்ல ஒரு ஆழாக்கு அரிசிதான் இருந்துச்சு. புள்ளைக்கு ஜுரம். நீங்க பாட்டுக்கு ஆளக் கூட்டினு வந்து உக்கார வெச்சிட்டீங்க. அதுக்காவ நான் சொன்னது ஞாயம்னு சொல்லல, தப்புதான். ஆனா நீங்க என்னா பண்ணீங்க? வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்டுக் காட்னீங்க. 'இந்த எடத்தக் கேளுங்க சார், இந்த எடத்தக் கேளுங்க'னு. ஒவ்வொரு தபாவும் நான் உள்ள நின்னுக்கினு கேட்டேன்."

புகழேந்தி வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"அதுக்கப்புறம் அந்த மனுசன் நம்ம வீட்ல ஒரு வாய் சோறு துன்னு பாத்திருக்கீங்களா? பக்ரீத்துக்கு நமக்கு பிரியாணி குடுத்தனுப்புவாரு. நான் எது குடுத்தாலும் கட்டி எடுத்துக்கினு போவாரு. இங்க ஒக்காந்து துன்னமாட்டாரு. 'இப்பத்தாம்மா சாப்ட்டேன்'னுவாரு. இருவத்திநாலு வருசம். காது காதுனு பீத்திக்கிறீங்களே, இது கேக்கலயா உங்களுக்கு?"

அவள் முறத்தை இழுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

புகழேந்தி மாடிக்கு வந்து உட்கார்ந்தார். பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும். ஒரு பொங்கல், ஒரு மழைக்காலச் சாயங்காலம், மகன் கல்யாணம். யோசித்து யோசித்துப் பார்த்தார். எல்லா நாளிலும் மஸ்தான் கூடத்துப் பிரம்பு நாற்காலியில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். மகன் கல்யாணத்தில், பந்திக்குக் கூப்பிட்டபோது, கடையில் ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பினார். எங்கேயோ ஒரு தேசத்தில் பென் வெப்ஸ்டர் விட்ட காற்று கேட்ட காதுக்கு, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷன் கேட்கவில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. அதற்கும் கன்னியம்மாள் மேல்தான் எரிந்து விழுந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேசட்டை அலமாரியில், டேப் ரெக்கார்டருக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

பிர்தௌஸ் நாலரைக்கு வந்தாள். ஒரு டப்பா மக்கன்பேடா கொண்டுவந்திருந்தாள். கன்னியம்மாள் டீ கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். புகழேந்தி லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பென் டிரைவைச் சொருகி, போட்டுவிட்டார். பிர்தௌஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். கண்ணைத் திறந்தாள்.

"நல்லாருக்கு அங்கிள்," என்றாள். அப்புறம், தயங்கி, "இது அத்தாதானே?"

"ஏம்மா அப்படிக் கேக்கற?"

"இல்ல, அத்தாக்கு இழுப்பு இருந்துச்சே. பக்கத்து ரூம்ல படுத்துட்டிருந்தாகூட கேக்கும். இதுல அவரு மூச்சே விடலயே. யாரோ வாசிக்கற மாரி இருக்கு."

இப்படி ஒருத்தர் சொல்ல மாட்டாரா என்று வாழ்நாள் முழுக்க ஏங்கிய மனிதர்தான் புகழேந்தி. இப்போது அந்தப் பெண் சொன்னபோது அவருக்கு எழுந்து எதையாவது உடைக்கவேண்டும் போல இருந்தது. சுவரோரம் பார்க்கக்கூடாது என்று லேப்டாப்பையே பார்த்தார்.

"கடைக்காரன் கெடுத்துட்டான்மா," என்றார். "படிச்சுப் படிச்சு சொன்னேன். கேக்கல அந்த மடையன்."

"ஒரிஜினல் கேசட் இருக்குமே அங்கிள்?"

"அது அறுந்துபோச்சு."

பிர்தௌஸ் தலையை ஆட்டினாள். டீ டம்ளரைக் கையில் வைத்தபடி இருந்தாள், குடிக்கவில்லை. கன்னியம்மாள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேசட்டையும் தேடி எடுத்து உள்ளே போட்டிருந்தாள்.

"அறுந்துலாம் போவல," என்று டீப்பாயில் வைத்து ஒயரைச் சொருகினாள். "இவரு காலையிலருந்து கோவத்துல கீறாரு, என்னென்னமோ பேசறாரு. நீ கேளும்மா. நடுவுல நான் ஒண்ணு பேசுவேன். அதயும் கேளு."

"ஏய், கன்னிம்மா—"

அவள் பட்டனை அமுக்கினாள்.

முதலில் ஃபேன் வந்தது. தெருக்குழாயில் யாரோ யாரையோ திட்டினார்கள். அப்புறம் கீச்சென்று ஒரு மூச்சு, நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து இழுத்த மூச்சு, அதன் பின்னால் முதல் சுரம். "அத்தா," என்றாள் பிர்தௌஸ். டம்ளரை வைத்துவிட்டு, டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

புகழேந்திக்கு அந்தக் கேசட்டின் ஒவ்வொரு விநாடியும் மனப்பாடம். ஐந்தாவது நிமிஷம் சைக்கிள் மணி. எட்டாவது நிமிஷம் மஸ்தான் ஒரு சுரத்தைத் தவறவிட்டுச் சிரிப்பார். பிர்தௌஸும் கூடவே சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பத்தாவது நிமிஷம் தாண்டியது. புகழேந்தி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். சும்மா டேப்பைச் சரிசெய்கிற மாதிரி கையை நீட்டி, விரலை நிறுத்துகிற பட்டன்மேல் வைத்தார். அறிவுமதியை அத்தனை திட்டிவிட்டு, நாமே இந்த இடத்தில் நிறுத்தப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் விரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

கன்னியம்மாள் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்க," என்றாள்.

விரல் பட்டனை விட்டு நகர்ந்தது. டேப் ரெக்கார்டருக்குள்ளிருந்து குக்கர் முதல் விசில் அடித்தது.