மூன்றாம் பாகம் எப்போது?

பேருந்து மேம்பாலம் ஏறுவதற்குள் அவள் ஐந்து முறை கைபேசியைத் திறந்து பார்த்துவிட்டாள். மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நிற்பவளுக்கு ஒலிப்புத்தகம்தான் துணை. ஒன்றைக்கூட வாங்கியதில்லை. எங்கிருந்தாவது திருட்டுப் பிரதியைப் பிடித்துவிடுவாள்; பிடித்ததைத் தன்னைப் போலவே பேருந்தில் அலையும் எண்ணூறு பேரின் கைபேசிக் குழுவில் போட்டும் விடுவாள். குழுவில் அவளுக்கு 'வள்ளல்' என்று பட்டம்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!" என்று கணவன் கிண்டல் செய்வான். அவள் காதில் வாங்கியதில்லை.

இப்போது கேட்டுவந்த கதையில், காணாமல் போன தங்கையைத் தேடும் அக்கா ஒரு கதவைத் தட்டுகிறாள். உள்ளே தாழ்ப்பாள் நகர்கிறது. அத்தோடு இரண்டாம் பாகம் முடிந்துவிட்டது. நான்கு மாதமாக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று இரண்டு நோயாளிகளின் ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டப்போனாள். மேற்பார்வையாளர் பாய்ந்து தடுத்தார்.

"உடம்பு இங்க இருக்கு, மனசு எங்கம்மா இருக்கு?"

சாப்பாட்டு இடைவேளையில் பதிப்பகத்துக்கே போன் போட்டாள். எடுத்த குரலைக் கேட்டதும் மெய்சிலிர்த்தது. கதையை வாசித்த அதே குரல்! சின்னப் பதிப்பகம்; அந்த அம்மாளும் அவருடைய தம்பியும்தான் எல்லா வேலையும்.

"மூணாம் பாகம் எப்பங்க வரும்?"

"வராதும்மா. நிறுத்திட்டோம்."

"ஐயோ, ஏங்க? எத்தன பேரு கேக்குறாங்க தெரியுமா? எங்க குழுவுலயே எண்ணூறு பேரு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எண்ணூறா? ரெண்டாம் பாகம் வித்தது அறுபத்தொண்ணுதான். என் குரல்தான் யாருக்கும் பிடிக்கலன்னு நெனச்சேன். இப்ப ஒரு பெரிய கடையில தள்ளுபடி அறிவிப்பு படிக்கிறேன். எழுதினவரும் மேல எழுதல."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"வாங்க முடியலன்னா நூலகத்துல கேட்டிருக்கலாமேம்மா. உறுப்பினர் அட்டை இருந்தா கைபேசியிலயே இரவல் தர்றாங்க. அவங்க எங்ககிட்ட வாங்கித்தான் தர்றாங்க."

"தெரியும்ங்க. முறை வர ரெண்டு வாரம் ஆகும்னாங்க. பொறுக்கல." பிறகு மெல்லச் சொன்னாள்: "குழுவுல போட்டது நான்தாங்க."

அந்த அம்மாள் திட்டவில்லை. "சரிம்மா, கடைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாலைப் பேருந்தில் நின்றபடியே எல்லாப் பிரதிகளையும் அழித்தாள். நடந்ததைக் குழுவில் எழுதினாள். உடனே ஒருவர் கேட்டார்: "வள்ளலுக்கு என்ன ஆச்சு? காதால கேக்குறதுல என்ன திருட்டு?"

பேருந்து குலுங்கியது. ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் பதில் தட்டினாள்:

"வாங்கிக் கேளுங்க, இல்ல நூலகத்துல இரவல் எடுத்துக் கேளுங்க. திருடிக் கேக்குற காதுதான், சொல்ற வாய அடைக்குது."