பெருக்கிய இடுகாடு

மிஸ் லெட்டிஷா பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முற்றத்தில் நின்றாள். தரை முழுக்கச் சலவைத் தண்ணீர். உட்காரச் சொல்வதற்கு ஒரு கவிழ்த்த தொட்டிதான் இருந்தது. அதில் அவள் உட்காரமாட்டாள் என்பது இருவருக்குமே தெரியும். நான் கொதிக்கும் அண்டாவைக் கழியால் கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வெந்தவை அவள் வீட்டுப் படுக்கை விரிப்புகள். அவளுக்கு ஐம்பது வயது. நான் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அவளைவிட நாலு வயதுதான் அதிகம். ஆனால் ஒரு காலத்தில் அவர்களிடம் அடிமைகளாக இருந்த எங்கள் ஆட்களில் தலை நரைத்த பெண்கள் எல்லோரும் அவர்களுக்கு ஆயா.

"சதுக்கத்துல சிலை வந்து எறங்கிருச்சு, ஆயா. பாத்தியா?"

"பெட்டியத்தான் பாத்தேன், சின்னம்மா."

பெட்டி வடக்கிலிருந்து கப்பலில் வந்திருந்தது. போரில் தங்களைத் தோற்கடித்த வடக்கத்திக்காரர்களின் ஊரிலேயே தங்கள் சிப்பாயைச் செய்யச் சொல்லி வாங்கியிருந்தார்கள். இறக்கிய படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், அதே பட்டறை வடக்கத்தி ஊர்களுக்கும் சிப்பாய் செய்து அனுப்புகிறதாம். முகம், மீசை, துப்பாக்கி எல்லாம் ஒன்றுதானாம். தொப்பி மட்டும் வேறாம்.

"தெறப்பு விழாவுல நான் பேசறேன். எங்க அண்ணனப் பத்தி. டைட்டஸப் பத்தியும்."

டைட்டஸ் என் கணவன். அவன் பெயரை அவள் வாயில் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. நான் கழியை நிறுத்தவில்லை.

"டைட்டஸப் பத்தி என்ன, சின்னம்மா?"

"அண்ணங்கூடப் போருக்குப் போனான்ல. குண்டு மழைக்குள்ள அண்ணனத் தோள்ல தூக்கிட்டு வந்தான்ல. எசமானுக்காக உசுரக் குடுத்தவன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் தெரியணும். நீ எம் பக்கத்துல மேடையில உக்காரு, போதும். நான் உன்னப் பாத்து 'அப்படித்தானே, ஆயா'ன்னு கேப்பேன். நீ தலையாட்டணும்."

பொய் சொல்கிறவர்கள் முகத்தில் ஒரு கவனம் இருக்கும். அவள் முகத்தில் அதுகூட இல்லை. சொல்லிச் சொல்லி அவளே நம்பியிருந்தாள்.

டைட்டஸ் அவள் அண்ணன் கேப்டன் ரோலண்டுக்குப் பூட்ஸ் துடைக்கப் போனது உண்மை. ஒரு குளிர்காலம் துடைத்தான். வசந்தத்தில் ஒரு விடியற்காலை முகாமின் படகை எடுத்துக்கொண்டு ஆற்று முகத்தில் நின்ற வடக்கத்திக் கப்பல்களுக்குத் துடுப்புப் போட்டான். அவர்கள் அவனுக்கு நீலக் கோட்டும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். கேப்டன் அந்தக் கோடையில் வயிற்றுக்கடுப்பில் செத்தான். உடலைக் கொண்டுவந்த வண்டிக்காரன் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டே எங்களிடம் அதைச் சொன்னான். அவனுக்குப் பரிமாறியது நான். தேவாலயத்துக்குப் பின்னால் கேப்டனின் கல்லில் 'களத்தில் வீழ்ந்தான்' என்று வெட்டியிருக்கிறார்களாம். மலக்குழிக்குப் போகும் வழியில் வீழ்ந்தான். வீழ்ந்தது உண்மைதான்.

நீலக் கோட்டுக்காரர்கள் ஆற்றில் ஏறி வந்தபோது டைட்டஸும் வந்தான். பண்ணையின் நெல் களஞ்சியத்தைத் திறந்து எல்லோரையும் அள்ளிக்கொள்ளச் சொன்னான். மேல்மாடி ஜன்னலிலிருந்து லெட்டிஷா அதைப் பார்த்தாள். போர் முடிந்த மறு வருடம் காய்ச்சலில் போனான். பண்ணை மூலையில் இருந்த எங்கள் இடுகாட்டில், அந்தக் கோட்டோடுதான் புதைத்தேன். மறதி அவர்களுக்கு ஒரு வசதி, வீட்டில் தனியாக ஒரு குளியலறை இருப்பதுபோல.

"எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல, சின்னம்மா."

"பண்ணைய விக்கிறோம், தெரியுமில்ல?" என்றாள்.

தெரியும். எருவுக்காக மண்ணைத் தோண்டும் கம்பெனி ஆற்றோரப் பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு மேலே ஒரு பண்ணையில் தோண்டும்போது மனித எலும்புகள் வந்தன. கோவேறு கழுதை எலும்பு என்று சொல்லி அரைவைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உங்க இடுகாட்டு மூலைய மட்டும் விட்டுறச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கேன். விசுவாசமானவங்க படுத்திருக்கிற எடம்னு சொன்னா அவங்களும் கேப்பாங்க. சும்மா போய் நின்னா நான் என்ன காரணம் சொல்றது, நீயே சொல்லு."

இதை அவள் பேரம் என்று நினைக்கவில்லை. கருணை என்று நினைத்தாள். பாவாடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அடுத்த வீட்டு ஃபிபி வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

"ஆட்டிட்டு வாடி பைனா. தலதான."

"டைட்டஸ் என்ன நெனப்பான்?"

"செத்தவன் என்னத்த நெனப்பான். தோண்டிப் போட்டா எருவாவான். அவளே வாங்கித் தன்னோட ரோசாச் செடிக்குப் போடுவா."

"அவன் அவங்கள விட்டு ஓடுனவன், ஃபிபி. அவன் வாழ்க்கையில செஞ்ச பெரிய காரியமே அதுதான். அதப் போய் நான் இல்லன்னு சொல்லணுமா?"

ஃபிபி துணி உதறுவதை நிறுத்தினாள்.

"உம் புருசனுக்குக் கெட்டுப்போறதுக்கு ஒரு பேராவது இருக்கு. எம் புள்ளைங்க ரெண்டும் பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சுங்க. அதுங்களுக்கு அந்த எடம் மட்டுந்தான்டி இருக்கு."

அவள் மறுபடியும் துணியை உதறத் தொடங்கினாள். நான் கழியை எடுத்தேன்.

விழா நாளில் எனக்கு ஒரு வெள்ளை மேலங்கி கொடுத்தார்கள். எனக்கு நல்ல உடுப்பு இருந்தது. அது வேண்டாம், சமையல்காரி மாதிரி இருந்தால்தான் பொருந்தும் என்றார்கள். வாத்தியக் குழு வாசித்தது. போரில் கடைசி வரை குதிரையைவிட்டு இறங்காதவர் என்று சொல்லப்பட்ட கர்னல் ஒருவரை இரண்டு பேர் தாங்கி மேடையேற்றினார்கள். போர் மானத்துக்காக நடந்தது என்றார். உரிமைக்காக நடந்தது என்றார். அடிமைகளுக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்னபோது ஜனங்கள் தொப்பியை ஆட்டினார்கள்.

கேப்டன் ரோலண்ட் போருக்குக் கிளம்புவதற்கு முன் நடந்த விருந்தில் நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் கேட்டார், எதற்குச் சண்டை என்று. கேப்டன் கரண்டியால் என்னைக் காட்டினான். "இவங்க போயிட்டா சேத்துல எறங்கி நெல்லு யாரு நடுவா, நீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு யாரும் மானம் என்று சொல்லவில்லை. சூப் நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

கர்னலுக்குக் கைதட்டும் சத்தத்துக்கு நடுவே லெட்டிஷா என் காதருகே குனிந்தாள். அவள்மேல் லாவண்டர் வாசனை.

"கம்பெனிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க, ஆயா. வேலியும் போட்டாச்சு. வெள்ளைச் சாயம் அடிச்சிருக்கு."

"தெய்வம் உங்கள நல்லா வெக்கட்டும், சின்னம்மா."

"அதோட விட்டேனா? ஜெயில் கைதிங்கள அனுப்பி எடத்தையே சுத்தம் பண்ணிட்டேன். அப்பப்பா, எவ்வளவு குப்பை. ஒடஞ்ச கோப்பை, கிண்ணம், வெளக்கு, ஒரு கடியாரம் வேற. எத்தன வருசமா அள்ளாமக் கெடந்துச்சோ. எல்லாத்தயும் வண்டியில ஏத்தி ஆத்தோரம் கொட்டச் சொல்லிட்டேன். மணலச் சீவி எவ்வளவு அழகா வச்சிருக்காங்க தெரியுமா? போய்ப் பாரு, உனக்கே அடையாளம் தெரியாது."

எங்களில் ஒருவர் இறந்தால், அவர் கை கடைசியாகத் தொட்டுப் பயன்படுத்திய பொருளைக் குழிமேல் வைப்போம். வைக்கும்முன் அதன் அடியை உடைத்துவிடுவோம். உடைக்காவிட்டால் போனவர் வீட்டில் மிச்சம் இருப்பவர்களையும் கூப்பிடுவார். எழுத்து எங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது, கல்லும் கிடையாது. அந்தக் கோப்பைதான் பெயர். டைட்டஸின் மேல் இருந்தது படையில் கொடுத்த தகரக் குவளை. நானே ஆணி வைத்து அடியைத் துளைத்தேன். ஃபிபியின் பிள்ளைகள் மேல் பால் புகட்டிய இரண்டு சங்குகள்.

லெட்டிஷா எழுந்து பேசினாள். குண்டு மழை வந்தது. தோள் வந்தது. இறக்கும்போது டைட்டஸ் தன் எசமானின் கையைப் பிடித்திருந்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் கையுறை போட்ட கையை என் பக்கம் நீட்டினாள்.

"அப்படித்தானே, ஆயா?"

சதுக்கம் என்னைப் பார்த்தது. கல் சிப்பாய் மட்டும் வேறு எங்கோ பார்த்தான். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்கு வேலி பிடுங்கப்படும், மண்வெட்டி இறங்கும். பெயர் போய்விட்டது, எலும்பு இன்னும் இருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். வெயிலில் நிற்கிற மாடும் இப்படித்தான் ஆட்டும். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவ்வளவு மலிவாக அழ முடிகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேலங்கியை மேடைப்படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன்.

இடுகாட்டு வாசலில் ஃபிபி நின்றுகொண்டிருந்தாள். வேலி பளிச்சென்று இருந்தது. உள்ளே மணல் நடவுக்கு முந்தைய வயல்போல ஒரே மட்டமாகக் கிடந்தது. மேடுகள்கூட இல்லை. சீவிய கோடுகள் மூலைக்கு மூலை நேராக ஓடின.

"நீ ஆட்டுனியா?" என்றாள்.

"ஆட்டுனேன்."

"ம்." அவள் மணலையே பார்த்தாள். "கைதிங்களாம். எல்லாம் நம்ம பசங்கதான். அவனுங்களுக்குத் தெரியாதா எது என்னன்னு?"

"தெரிஞ்சு என்ன பண்ணுவானுங்க? துப்பாக்கி அவனுங்க கையிலயா இருந்துச்சு?"

வண்டிச் சக்கரத் தடம் ஆற்றுப் பக்கம் போனது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கடலின் நீரேற்றம் ஆற்றில் தொடங்கியிருந்தது. நாணல் வேர்களுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கரைச் சேற்றில் ஒரு குவியல் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன்.

குவியல் இல்லை. கோப்பைகள், கிண்ணங்கள், விளக்குகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேற்றில் ஊன்றியிருந்தார்கள். சில நெருக்கமாக, சில தள்ளி. இடையே விலங்கு பூட்டிய கால்கள் இழுத்துப்போன தடங்கள். கடிகாரம் ஒரு ஓரத்தில், மேலே இடுகாட்டில் ஓக் மரத்தடியில் தாமஸ் கிழவனைப் புதைத்திருந்த அதே பக்கமாக நின்றது.

ஃபிபி என் கையைப் பிடித்தாள்.

"பைனா. இது குப்ப கொட்டுன மாதிரியா இருக்கு? மேல எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கானுங்கடி."

"அப்படியேன்னு எப்படித் தெரியும்?"

"அங்க பாரு, எம் புள்ளைங்க."

இரண்டு சங்குகள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஃபிபி அசையவில்லை. எடுத்தால் இடம் போய்விடும். எடுக்காவிட்டால் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்.

"ஒண்ணுக்கொண்ணு எத்தன அடி தள்ளின்னு எண்ணி மனசுல வச்சுக்க, மேல கொண்டுபோய் அதே மாதிரி வச்சிரலாம்" என்றாள். "நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். சீக்கிரம்டி."

பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு முழங்கால்வரை வந்தது. தகரக் குவளை ஆற்றை ஒட்டிய வரிசையில் நின்றது. அதன் இடப்பக்கம் ஒரு நீலக் கிண்ணம், வலப்பக்கம் ஒன்றுமில்லை. அப்படித்தான் இருந்ததா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் நீர் அதைச் சுற்றி வந்துவிட்டது. விளிம்புக்கு மேலே இன்னும் வரவில்லை. நான் அடித்த ஆணித் துளை வழியாகக் குவளைக்குள் கீழிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.