பாலாம்பிகை நித்திரை கொண்ட படங்கள்

பாலாம்பிகை பாதியில் நித்திரை கொண்ட படங்கள் எல்லாம், அவள் பிறகு வாயால் சொன்ன மாதிரியே முடிந்தன. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இது எண்பத்தாறாம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கியது. அந்த மாதம்தான் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஞானரட்ணம் கடை திறந்தார். முன்பக்கம் மரக்கறி, பின்பக்கம் வீடியோ கசெற். முருங்கைக்காய் தங்க விலை விற்றது, அதுவும் வாடல். பாலாம்பிகை விடியப்புறம் எழும்பிப் போய் ஒரு கந்தோரின் அலுவலக அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானத்தில் சான்விச் பாக்டரியில் பெட்டி அடுக்குவாள். அவளுடைய மனுசன் குலசேகரத்துக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் மாறி மாறி ஷிப்ட். அகதிக் கேஸ் முடியவில்லை, முடியும் என்று சொல்வாரும் இல்லை. சனிக்கிழமை பின்நேரம் மட்டும்தான் இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருக்கிற நேரம். கசெற்றைப் போடுவார்கள். இரண்டாவது பாட்டு முடிய முதலே பாலாம்பிகையின் தலை சாய்ந்துவிடும். படம் பிடிக்காமல் இல்லை, படமென்றால் அவளுக்கு உயிர். உடம்பு விட்டால்தானே.

திங்கட்கிழமை கந்தோரில் தேத்தண்ணி குடிக்கும்போது, கூட வேலைசெய்கிற தமிழ்ப் பெண்டுகள் படம் என்ன மாதிரி என்று கேட்பார்கள். வேறு எதைத்தான் கதைக்கிறது? ஊர்ப் புதினம் கதைத்தால் ஒருத்தி அழுவாள், கேஸைப் பற்றிக் கதைத்தால் எல்லாரும் அழுவார்கள். படத்தைக் கதைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் நோகாது. நித்திரை கொண்டேன் என்று சொல்லப் பாலாம்பிகைக்கு வெட்கம். ஆகவே வாயில் வந்ததைச் சொன்னாள். முதல் தரம் அவள் சொன்னது ஒரு பழிவாங்கல் படம். கடைசியில் கதாநாயகன் கத்தியோடு வில்லன் வீட்டுக்குப் போகிறானாம், வில்லன் களைத்து விழுந்து கிடக்கிறதைக் கண்டுவிட்டு, சரி, ஆறுதலாய் வருவோம் என்று திரும்பிவிடுகிறானாம். அந்தக் கசெற்றை மற்றவர்கள் எடுத்துப் போட்டுப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. வில்லன் சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்தான். கதாநாயகன் கத்தியை யன்னலில் வைத்துவிட்டு, ஒரு போர்வையை எடுத்து அவனுடைய காலை மூடிவிட்டுப் போனான். ஒருவரும் அதிசயப்படவில்லை. படம் பரவாயில்லை என்றார்கள்.

அவளுடைய முடிவுகளில் ஒருவரும் ஓடமாட்டார்கள். வழக்குப் போட்டவர்கள் நீதிமன்ற வாங்கிலேயே கண்ணயர்வார்கள். பிரிந்த காதலர்கள் சேர்ந்ததும் பாட்டுப் பாடாமல் நிழலாய்ப் பார்த்துக் குந்துவார்கள். தொலைந்த பிள்ளை வீட்டுக்கு வந்தால் தாய் கேள்வி கேட்காமல் சோற்றைப் போடுவாள். பிழை பிடித்தவர் டொக்டர் வைத்தியநாதன். கும்பகோணத்துக்காரர், பெரியாஸ்பத்திரியில் வேலை, மனுசன் எதையும் சும்மா விடமாட்டார். வேறொரு கசெற்றைக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதே படத்தைப் போன மாதம் தான் மெட்ராசில் பார்த்ததாகவும், அங்கே வில்லன் மலையிலிருந்து விழுந்து செத்ததாகவும், இங்கே அவன் பாய் விரித்துப் படுக்கிறான் என்றும் சொன்னார். ஞானரட்ணம் யோசித்துப் பார்த்து, குலசேகரம் வீட்டுக்குப் போய்வந்த கசெற்றுகளில்தான் இப்படி, பாலாம்பிகை நித்திரை கொண்டுவிட்டுச் சொல்கிற முடிவுதான் அவற்றில் வருகிறது என்று கண்டுபிடித்தார். வியாபாரி அல்லவா, அவற்றுக்கெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டார். இரண்டு ஷிப்ட் அடித்துவிட்டு வருகிற சனம் சிவப்புப் பொட்டுத்தான் வேணும் என்று நின்றது. கடைசியில் டொக்டரே வந்து தனக்கும் அதையே தரச் சொன்னார். நாள் முழுக்க வார்டில் பார்க்கிறேன், சனிக்கிழமையும் ஒருத்தன் சாகவேண்டுமா என்று கேட்டார். 

புகழ் ஒரு பக்கம் இருக்க, பாலாம்பிகைக்கு உள்ளே ஒரு குறை இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் ஒரு படத்தின் முடிவையும் கண்ணால் கண்டதில்லை. தான் சொன்ன முடிவைப் பார்ப்போம் என்று கசெற்றைத் திரும்பப் போட்டாலும் அதே இடத்தில் நித்திரை வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் மற்றினிக் காட்சிக்குப் போனால் அருள்மலர் அக்காவின் தோளில் சாய்ந்துவிடுவாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா சொல்லுவாள், "நித்திரை கொண்டிட்டாய் என்ன? சரி, கேள்." கேட்டுக்கொண்டே வருவாள். அக்கா ஒன்றையும் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். செத்தவன் செத்தவன்தான். அக்கா சொன்னால் அதுதான் படம்.

அந்த அருள்மலர் எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில், நெஞ்சு நோகுது என்று சொல்லி, தண்ணி கேட்டு, தண்ணி வரமுதல் செத்துப்போனாள். செய்தி தொலைபேசியில் வந்தது. கேஸ் முடியாதவர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனால் திரும்ப ஏலாது. பாலாம்பிகை குசினிக்குள் நிலத்தில் இருந்து அழுதாள், அடுத்த நாள் விடிய வேலைக்குப் போனாள். ஜெர்மனியில் இருந்த தம்பி ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கும் அதே நிலைமை. வெளிநாட்டில் இருக்கிற ஆக்கள் பார்க்கட்டும் என்று எங்கடை சனம் செத்தவீட்டையும் வீடியோ எடுத்து அனுப்புகிற காலம் அது. கலியாணவீட்டுக்கு வருகிற அதே வீடியோக்காரன்தான் வருவான். அக்காவின் செத்தவீட்டுக் கசெற் ஒன்றே ஒன்று கொழும்புக்குப் போய், அங்கே ஆரோ ஒருவருடைய அலுமாரியில் கிடந்து, அடுத்த வருசம் மாசி மாதம் ஒரு கைப்பொதியில் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து சேர்ந்தது.

விசயம் பரவியதும் கந்தோர்ப் பெண்டுகள் எல்லாரும் ஒரே பாட்டாய்ப் பாடினார்கள். போட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கோ, எழும்பி ஒரு நல்ல சொல்லாய்ச் சொல்லுங்கோ, அக்கா எழும்பி இருப்பா என்றார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆரைக் குறை சொல்வது. பாலாம்பிகைக்குக் கோபம் வந்தது. "அது படமில்லை, என்ரை அக்கா," என்றாள். "ஒரு முடிவையெண்டாலும் நான் உள்ளபடி பாக்கவேணும்." தம்பியோ அங்கேயிருந்து கெஞ்சினான். நீ பார்த்தால் மாத்திப்போடுவாய், எனக்கு முதல் அனுப்பு என்றான். தான் முழித்திருப்பதாகவும், அப்படியே கண் மூடினாலும் வாயைத் திறப்பதில்லை என்றும் அவள் சத்தியம் பண்ணினாள்.

பார்க்கிற அன்றைக்கு அவள் வேலைக்கு லீவு போட்டாள். கோப்பி குடித்தாள், கண்ணுக்குக் கீழே விக்ஸ் பூசினாள், சோபாவில் இருந்தால் சாய்ந்துவிடுவேன் என்று ஒரு மரக்கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். தலை சாய்ந்தால் கிள்ளவேண்டும் என்று குலசேகரத்துக்குக் கட்டளை. வீடியோக்காரன் செத்தவளை விட்டுவிட்டு, வந்த ஆக்களைத்தான் எடுத்திருந்தான். ஆர் ஆர் வந்தது என்று வெளிநாட்டில் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு முகமாய், ஒவ்வொரு கதிரையாய்ப் போனது. ஐயர் வந்தார், பறை முழங்கியது, வாய்க்கரிசி போடச் சொந்தக்காரர் வரிசையாய் வந்தார்கள். அக்காவின் முகம் ஒருதரம் பூவுக்கு நடுவில் தெரிந்தது. பாலாம்பிகை அதைப் பார்த்தாள். பார்த்ததும் ஐந்து வருசத்து அலுப்பு முழுக்க ஒன்றாய் வந்து தோளில் இறங்கியது. குலசேகரம் கிள்ளத்தான் கையை நீட்டினான். கதிரையில் இருந்தபடியே குழந்தைப்பிள்ளை மாதிரி அவள் நித்திரை கொள்கிறதைக் கண்டதும் மனம் வரவில்லை, கையை எடுத்துக்கொண்டான். அவள் முழிக்கும்போது ரீவியில் வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. குலசேகரம் எழும்பிப்போய் ரீவியை நிறுத்தினான். அக்காவின் செத்தவீட்டில் நித்திரை கொண்டவள் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தாள். திங்கட்கிழமை தேத்தண்ணி நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. கசெற்றைத் தம்பிக்குத் தபாலில் போட மனமில்லாமல் தள்ளிப்போட்டாள்.

பிறகு தம்பி தொலைபேசி எடுத்தான். பார்த்தியோ என்றான். ஓம் என்றாள். ஆர் ஆர் வந்தது என்றான், தெரிந்தவரைக்கும் சொன்னாள். அவன் அழத் தொடங்கினான். முப்பது வயசு ஆம்பிளை, தெருவோரத் தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று காசு போட்டுப் போட்டு அழுகிறான். "கடைசியிலை எப்பிடிப் போனவ?" என்று கேட்டான். நான் நித்திரையடா என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அவனுடைய அழுகை கேட்கக் கேட்கச் சொல் மாறிவிட்டது.

"எல்லாருக்கும் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

எங்கடை ஆக்கள் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது ஒருநாளும் போறன் என்று சொல்லமாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். சந்திக் கடைக்குப் போனாலும் போட்டு வாறன்தான், கடல் கடந்து போனாலும் போட்டு வாறன்தான். ஆர் எப்படிப் போனது என்று கேட்டால் வாய் தானாகவே அப்படித்தான் சொல்லும். ஆனால் செத்தவீட்டில் மட்டும் அந்தச் சொல் ஆகாது. வந்தவர்கள் கூடச் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவார்கள். செத்த வீட்டுக்குத் திரும்ப வருவேன் என்று சொல்லக்கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.  "செத்த ஆக்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை," என்றான் தம்பி. வைத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை பின்நேரம், செய்ததைப் பார்த்துத்தானே ஆகவேண்டும் என்று பாலாம்பிகை கசெற்றைத் திரும்பப் போட்டாள். குலசேகரமும் பக்கத்தில் இருந்தான். வாய்க்கரிசி முடிந்தது, இந்தத் தரம் அவளுக்கு நித்திரை வரவில்லை. தூக்கப்போகிற ஆக்கள் கிட்ட வந்தார்கள். அருள்மலர் எழும்பி இருந்தாள். மாலை கழுத்தில் குத்துகிறது என்று ஒதுக்கினாள், சேலைக் கொய்யகத்தைச் சரிபண்ணினாள், நிலத்தில் கால் வைத்து எல்லாரையும் ஒருதரம் பார்த்தாள். "போட்டு வாறன்," என்று சொல்லிப் படலையைத் திறந்துகொண்டு நடந்தாள். பறை அவளுக்கு முன்னால் போனது. தூக்க வந்தவர்கள் தங்களுடைய வேலை அதுதான் என்றபடி வெறும் பாடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். பெண்டுகள் வழக்கம்போலப் படலையோடு நின்று குழறி அழுதார்கள். அவள் ஒழுங்கை முடக்கில் திரும்பிய பிறகு படம் முடியவேண்டும். முடியவில்லை. முற்றத்தில் கதிரைகளை அடுக்கினார்கள், வீடு கழுவினார்கள், வெயில் சாய்ந்தது. குலசேகரம் நிறுத்துவோமா என்று கேட்டான். பொறுங்கோ, வாறன் எண்டு சொன்னவ என்றாள் பாலாம்பிகை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அருள்மலர் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கிணற்றடியில் காலைக் கழுவினாள். அடுக்கி வைத்த கதிரையில் ஒன்றை எடுத்துக் கமெராவுக்கு முன்னால் போட்டு இருந்து, நேரே பார்த்தாள்.

"நித்திரை கொண்டிட்டாய் என்ன?"

"ஓம் அக்கா," என்றாள் பாலாம்பிகை. நித்திரை கொண்டதை அவள் தன் வாயால் ஒப்புக்கொண்டு லண்டனில் ஒருவரும் முன்னம் கேட்டதில்லை.

"சரி, கேள்."

கூட்டாமல் குறைக்காமல் அக்கா சொன்னாள். தம்பி இல்லாதபடியால் பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். ஐயர் அவசரப்படுத்தினார், அவருக்கு அன்றைக்கு இன்னொரு செத்தவீடு இருந்தது. விறகு ஈரம், கனநேரம் புகைந்தது, பிறகு நன்றாய்ப் பிடித்தது. ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டுச் சனம் கெதியாய்க் கலைந்துவிட்டது, ஒருத்தரையும் குறை சொல்ல ஏலாது. அடுத்த நாள் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்கள். பாலாம்பிகைக்குக் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. நொந்ததோ அக்கா என்று கேட்டாள்.

"இல்லையடி. களைப்புத்தான் ஆறினது."

அன்றைக்கே அவள் தம்பிக்கு எடுத்துச் சொன்னாள், கொள்ளி முதல் கீரிமலை வரைக்கும். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, இதெல்லாம் நீ கண்ணாலை கண்டனியோ என்றான். இல்லை, நான் நித்திரை கொண்டிட்டன், அக்காதான் சொன்னவ என்றாள்.  அக்கா சொன்னவவெண்டால் சரியாய்த்தான் இருக்கும் என்றான்.

பிறகு வந்த வருசங்களில் பாலாம்பிகை சனிக்கிழமைகளில் முதலில் படத்தையும் அடுத்ததாய் அக்காவின் கசெற்றையும் போட்டாள். படத்தில் வழக்கம்போல நித்திரை கொள்வாள், அக்கா வந்து முடிவைச் சொல்லுவாள், திங்கட்கிழமை அதையே அவள் கந்தோரில் சொல்லுவாள். கோலியர்ஸ் வுட்டில் வில்லன்கள் பழையபடி சாகத் தொடங்கினார்கள். டொக்டர் வைத்தியநாதன் முறைப்பாடு சொன்னார். ஞானரட்ணம் சிவப்புப் பொட்டுகளை உரித்துவிட்டு, பின்பக்கத்தில் குளிர்ப்பெட்டி வைத்து மீன் விற்றார். தொண்ணூற்றைந்தில் கேஸ் முடிந்து விசா கிடைத்தது. அக்காவின் கசெற்றில் பூஞ்சணம் பிடித்து நிறம் மங்கியது, அவளுடைய சத்தம் மட்டும் மங்கவில்லை. சொல்லி முடித்ததும் அருள்மலர் கதிரையை எடுத்த இடத்தில் வைப்பாள். போட்டு வாறன் என்பாள். ஓம் அக்கா, வாங்கோ என்று சொல்லிவிட்டு, பாலாம்பிகை எழும்பிப்போய் விடியப்புற வேலைக்குச் சாப்பாடு கட்டுவாள்.